என் முழங்கையை யாரும் மடக்க வேண்டாம்

பிரியாணியை உருட்டிப் பிடித்த ஐந்து விரல்கள் என் வாய்க்கு நேராக வந்து நின்றன. என் விரல்கள் அல்ல. என் கணவரின் தங்கை ஸ்டெல்லாவின் விரல்கள்.

அன்று காலை ஸ்டெல்லாவின் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. பூசை முடிந்து, மல்லசமுத்திரம் பக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் போட்ட பந்தலில் விருந்து. வாழை இலையில் ஆட்டுக்கறிப் பிரியாணி, தால்ச்சா, ஜேடர்பாளையத்திலிருந்து காலையிலேயே வாங்கி வந்து பொரித்த மீன். பந்தி நிறைய சொந்தக்காரர்கள். நடுவில் நான், நாற்பத்தெட்டு வயதுக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர், அம்மாபேட்டையில் பாதித் தெருவுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்குச் சோறு ஊட்டுகிறார்கள்.

"வாயத் தொறங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

பார்க்கத்தான் செய்தார்கள். எதிர் வரிசையில் ஒரு பெரியம்மா மீன் முள்ளை எடுப்பதை நிறுத்திவிட்டு, 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தைக் கண்டால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது.

என் வலது கை மடியில் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. விரல்கள் அசையும். உள்ளங்கை மேலும் கீழும் திரும்பும். பேனா பிடிக்கும், கன்னத்தில் அறையச் சொன்னால் அதையும் ஒழுங்காகச் செய்யும். முழங்கை மட்டும் முழுவதாக மடங்காது. அதனால் கை வாய்க்கு வராது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது.

இந்த விருந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஸ்டெல்லா போன் செய்தாள். "அதையெல்லாம் போயி பத்திரிகைல எழுதுவாங்களாங்க? எனக்கு மானமே போயிருமுங்க அண்ணி." போகாது ஸ்டெல்லா. போனாலும் நான் எழுதுவேன். உன்னைப் பற்றி நல்ல விதமாகவும் நாலு வரி வரும், படி.

கிழங்கு செய்த வேலை

கை எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு நான் உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். லாரி மோதியது, பஸ் இடித்தது என்றால் ஒரு மரியாதை இருக்கும். என்னைக் கீழே தள்ளியது ஒரு குச்சிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு.

ஜவ்வரிசி ஆலைக்கு மூட்டை மூட்டையாகக் கிழங்கு போகிற பருவம். மல்லசமுத்திரம் ரோட்டில் லோடு ஏற்றிப் போன லாரியிலிருந்து சில கிழங்குகள் உருண்டு கிடந்தன. வளைவில் என் ஸ்கூட்டர் சக்கரம் அதில் ஒன்றின் மேல் ஏறியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விழும்போது எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், கையை ஊன்றினேன். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதவள் அவள்தான். ஆட்டோவில் ஏற்றி, போகிற வழியெல்லாம் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்து வந்தவளும் அவள்தான். அவள் கூட்டிப் போனது பக்கத்து ஊரில் கட்டு வைத்தியரிடம்.

முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி, சுற்றிலும் மூங்கில் பத்தை. நாமக்கல் பக்கம் முட்டைக்கா பஞ்சம்? தாராளமாகவே பூசினார். "கை கோணலா நிக்கப்படாதுங்க" என்று சொல்லி, நீட்டியபடியே வைத்துக் கட்டினார். எலும்பு நன்றாகவே கூடியது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டைப் பிரித்த அன்று கை நீட்டியபடியே நின்றது. மடங்கு என்றேன். மடங்கவில்லை. என் கை என் பேச்சைக் கேட்காத முதல் நாள் அது.

கதவுக்கும் கைக்கும்

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தாமல் என்னால் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் எலும்பும் எலும்பும் சந்திக்கிற இடமெல்லாம் மூட்டுதான். அசைந்தால்தான் மூட்டு என்பதில்லை. உங்கள் மண்டையோட்டைத் தொட்டுப் பாருங்கள். அதில் பல எலும்புகள் பல்லோடு பல் கோத்தது போல இறுகிக் கிடக்கின்றன. அவை அசையா மூட்டுகள். முதுகெலும்பில் ஒரு எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குருத்தெலும்பு வட்டு இருக்கிறது. அங்கே அசைவு உண்டு, ஆனால் கொஞ்சம்தான். மூன்றாவது வகைதான் நாம் நடக்கவும் எடுக்கவும் கும்பிடவும் உதவுகிற, நன்றாக அசையும் மூட்டுகள்.

(என் புகுந்த வீட்டாரையும் இப்படி மூன்றாகப் பிரித்துவிடலாம் என்று ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். முதல் வகையில்தான் கூட்டம் அதிகம்.)

மூன்றாவது வகையிலும் சாதிகள் உண்டு. தோளிலும் இடுப்பிலும் பந்துக்கிண்ண மூட்டு, எந்தப் பக்கமும் சுழலும். கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு, குதிரையின் சேணத்தில் ஆள் உட்கார்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று. மணிக்கட்டின் குட்டி எலும்புகளுக்கு இடையில் வழுக்கு மூட்டு. கழுத்தின் உச்சியில் முளை மூட்டு. முழங்கையில் கீல் மூட்டு.

கீல் மூட்டு வந்ததும் எல்லா டீச்சர்களும் செய்வதையே நானும் செய்வேன். வகுப்பறைக் கதவை ஆட்டிக் காட்டுவேன். "இதோ, கதவின் கீல் போல. ஒரு பக்கம் மட்டும் திறக்கும், மூடும்." பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். பரீட்சையில் முழு மதிப்பெண்.

இப்போது அந்த உதாரணத்தின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கதவுக் கீலைச் சுற்றிச் சதை கிடையாது, நரம்பு கிடையாது, வலி கிடையாது. நம் மூட்டில் எலும்பு நுனிகளுக்குக் குருத்தெலும்பு மெத்தை உண்டு. சுற்றிலும் ஓர் உறை. உறைக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பான திரவம். அந்த எண்ணெயை உடம்பே சுரந்துகொள்ளும், யாரும் வெளியிலிருந்து ஊற்றத் தேவையில்லை.

இன்னொன்று. முழங்கை என்பது ஒரே ஒரு மூட்டு அல்ல. ஒரே உறைக்குள் மடங்குகிற வேலைக்கு ஒன்றும், முன்கையைத் திருப்புகிற வேலைக்கு வேறொன்றும் இருக்கின்றன. அதனால்தான் எனக்கு மடங்குவது போயும் திருப்புவது தங்கியது. சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்புவேன். ஆனால் அதே கையால் காதில் விழுந்த முடியை ஒதுக்க முடியாது.

கோயிலில் சிலுவை அடையாளம் போட நெற்றிக்குக் கை போகாது. இடது கையால் போட்டேன். முன்வரிசைப் பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டவருக்குத் தெரியும் என்று அவர்களைத் திருப்பிப் பார்த்தேன்.

ஜாம் ஆன கீல்

என் கணவர் ஜெயராஜுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அவருக்கு உலகத்தில் தெரியாத கீல் கிடையாது. லாரியின் பின்கதவு ஜாம் ஆகி வந்தால் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் சூடு காட்டுவார்கள். பிறகு எண்ணெய் விடுவார்கள். பிறகு ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடித்து ஆட்டுவார். கிறீச்சிட்டுக்கொண்டே திறந்துவிடும்.

அந்த முறை என் கைக்கும் வந்தது.

சுடுமணல் ஒத்தடம் முதலில். அடுத்து தைலம். அப்புறம் ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொள்வாள், அவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்குவார். நான் கத்துவேன். "இன்னும் ஒரே ஒரு தடவை புள்ளை, இப்ப எளகுது பாரு" என்பார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். என்னைத் துன்புறுத்துகிறோம் என்று தெரிந்தே, எனக்காகத்தான் என்று நம்பிச் செய்தார். ஸ்டெல்லா இதற்காகவே வாரம் தவறாமல் மல்லசமுத்திரத்திலிருந்து அம்மாபேட்டைக்கு பஸ் ஏறி வருவாள்.

"வேண்டாங்க, இது லாரி இல்லீங்க" என்று முதல் நாளே சொன்னேன். "கதவு மாதிரின்னு நீதான ஸ்கூல்ல பாடம் நடத்தற?" என்று கேட்டார். கேட்டாரே ஒரு கேள்வி!

கை இளகவில்லை. வீங்கியது. தொட்டால் கொதித்தது. கொஞ்ச நஞ்சம் மடங்கியதும் நின்றுபோனது. "வீக்கம் வந்தா உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். உள்ளே வேலை நடந்தது உண்மைதான். என்ன வேலை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்கைக்கு முன்னால், சதை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"இது எலும்புங்க. புதுசா வளர்ந்திருக்கு. யாராவது தேய்ச்சு இழுத்து மடக்கினாங்களா?"

நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அவரே புரிந்துகொண்டார். காயம்பட்ட முழங்கையைப் பலவந்தமாக நீவி மடக்கினால், கிழிபட்ட சதைக்குள் எலும்பு வளர்ந்துவிடலாம் என்றார். இப்போது அறுவை சிகிச்சைக்குப் போக முடியாது, அது முற்றி அடங்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார்.

"அதுவரைக்கும்?" என்றேன்.

"அதுவரைக்கும் நீங்களா மெதுவா மடக்குங்க. உங்க சக்தியில எவ்வளவு வருதோ அவ்வளவு. வேற யாரும் இந்தக் கையைத் தொடக் கூடாது."

என் வாழ்க்கையில் எத்தனையோ மருந்துச் சீட்டு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு இனிப்பான மருந்தை யாரும் எழுதித் தந்ததில்லை.

தொட்டால் பார்

அன்று மாலை என் கணவர் மணல் சட்டியை அடுப்பில் வைத்திருந்தார். ஸ்டெல்லா தைலக் கிண்ணத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"இனிமே என் கைய யாரும் தொடக் கூடாது" என்றேன். எக்ஸ்ரேயைக் காட்டினேன். வெள்ளையாகப் படர்ந்திருப்பது என்ன என்று சொன்னேன்.

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நான் உனக்குக் கெடுதலு பண்ணுவனா புள்ளை?" என்றார்.

"பண்ண மாட்டீங்க. ஆனா தொடவும் மாட்டீங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"சும்மா இருங்க."

சும்மா இருப்பது அவருக்கு மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டம். நான் தனியாக உட்கார்ந்து கையை மடக்க முயலும்போதெல்லாம் கதவோரம் நின்று, தன் கையைத் தானே மடக்கி மடக்கிப் பார்ப்பார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொள்வார். சட்டைப் பித்தான் போடத் திணறினால் பெருமூச்சு விடுவார். நான் எல்லாவற்றுக்கும் முறைத்தேன். பல நாள் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை, முறைப்புதான்.

சொந்தக்காரர்கள் வேறு மாதிரி வந்தார்கள். "வயசாச்சு, எதுக்கு இந்தப் பாடு? அதான் ஊட்டி உடறதுக்கு ஆளு இருக்குதில்ல" என்றார்கள். எனக்கு எரிந்தது. ஊட்டிவிட ஆள் இருப்பது எப்படி ஒரு கைக்குப் பதில் ஆகும்? பசிக்கும்போது, பிடித்ததை, பிடித்த அளவு எடுத்துச் சாப்பிடுவது சின்ன விஷயமா? ஊட்டுகிறவர் கறித்துண்டை முதலில் தருவாரா, சோற்றை முதலில் தருவாரா என்று வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறதே, அது தெரியுமா இவர்களுக்கு?

வீட்டில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். பாதி வாயில், பாதி மடியில். பரவாயில்லை, அது என் மடி. ஓய்ந்த நேரமெல்லாம் வலது கையை மடக்கினேன். முதலில் எதிரில் இருப்பவருக்குக் கை கொடுக்கிற மாதிரி வந்தது. பிறகு மார்பில் தொங்கும் சிலுவைச் செயினைத் தொட முடிந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. எவ்வளவு முக்கினாலும் விரல் நுனிக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு சாண் வெறும் காற்று.

இந்த நிலைமையில்தான் ஸ்டெல்லா வீட்டுப் புதுநன்மை வந்தது. வருவதற்கு முன்பே அவள் தீர்மானித்துவிட்டாள். "பந்தியில சொட்டாங்கையில ஸ்பூன் புடிச்சு சாப்புட்டா நல்லாருக்காதுங்க அண்ணி. சர்ச்சு சாமியாரு வாராரு, மாமியாரு ஊட்டாளுக வாராங்க. நானே ஊட்டிர்றேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாய்

ஆக, பிரியாணி உருண்டை வாய்க்கு நேரே நிற்கிறது. பாவம், ஸ்டெல்லாவுக்கும் கை வலிக்கும்தானே. அவள் கண்ணில் கெஞ்சல். நான் அவளை நோகடிக்க விரும்பவில்லை. ஆனால் இந்த ஒரு வாயை வாங்கிவிட்டால், இனி எல்லா விசேஷத்திலும் எனக்கு ஊட்டுவதற்கு ஆள் வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த கிறிஸ்துமஸ், அடுத்த கல்யாணம், அடுத்த கருமாதி. என் வாய் ஊருக்குப் பொதுவாகிவிடும்.

கழுத்தின் உச்சியில் ஒரு முளை மூட்டு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? இரண்டாம் கழுத்தெலும்பின் முளையைச் சுற்றி முதல் எலும்பு திரும்புகிறது. நாம் 'மாட்டேன்' என்று தலையாட்டுவது அதைக்கொண்டுதான். அதில் எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. இடமும் வலமும் நன்றாகவே ஆட்டினேன்.

"என்னங்க அண்ணி இது..."

"கைய எடு கண்ணு" என்றேன்.

வலது கையை மடியிலிருந்து எடுத்து இலையில் வைத்தேன். சோற்றைப் பிசைந்தேன். எத்தனை மாதமாயிற்று, விரல்களுக்குச் சூடான சோறு பட்டு! ஒரு கவளம் உருட்டி, உள்ளங்கையை முகத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு தூக்கினேன். கை ஏறியது. மார்பு வரை ஏறியது. வழக்கமான இடத்தில் வந்து நின்றது.

எதிர் வரிசைப் பெரியம்மா கையில் மீனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கை நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டேன். தலையைக் குனிந்தேன். கழுத்து வளைந்தது, முதுகும் கூடவே வளைந்தது. ஒவ்வொரு எலும்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. வாய் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாதிக் கவளம் உள்ளே போனது, மீதி சேலையில் கொட்டியது.

"அய்யோ, எல்லாருமு பாக்கறாங்க. இப்புடிக் குனிஞ்சுங்களா அண்ணி..." ஸ்டெல்லா அழும் குரலில் சொல்லிக்கொண்டே என் கையைப் பிடிக்க வந்தாள்.

அப்போது பிரியாணி வாளியோடு வரிசையில் பரிமாறி வந்த என் கணவர் எங்களுக்கு முன்னால் நின்றார். அவரைப் பார்த்து முறைத்தேன். அவர் கரண்டியை வாளியில் போட்டார். ஒரு கணம் அவர் கையும் என் பக்கம் நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது. அதைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"உடு ஸ்டெல்லா" என்றார், பந்தல் முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "அவ கையி, அவ வாயி. அவளே தின்னுக்குவா."

ஸ்டெல்லா கையை எடுத்துக்கொண்டாள். பிறகு எனக்கு ஊட்ட வைத்திருந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, என் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் இரண்டாவது கவளத்துக்குக் குனிந்தேன். இந்த முறை சேலையில் விழுந்தது கம்மி. மூன்றாவதற்கு எதிர் வரிசையில் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவரவர் இலையில் அவரவருக்கு வேலை இருந்தது.

அவர் மட்டும் வாளியோடு அங்கேயே நின்றார்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?" என்றேன். "வெறும் சோறா இருக்குது. கறி வைங்க. எலும்போட வைங்க."